மாமா காட்டிய மதுரை

மதுரைக்கு வேன் பேசியாயிற்று, பதினோரு பேர் சேர்ந்தாயிற்று, இன்னும் ஒரு இடம் மிச்சம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். கூடவே வந்த தாளையும் பார்த்தேன். கோயிலை இரண்டு வரியில் முடித்துவிட்டு, எந்தத் தெருவில் இட்லி, எங்கே காப்பி, ராத்திரிக்கு எங்கே பணியாரம் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறீர்கள். எல்லாருக்கும் சர்க்கரை வியாதி, பாதிப் பேருக்குப் பல் இல்லை. ஆனாலும் நாக்கு அடங்கவில்லை, நல்லது. "நீ சின்ன வயசிலேயே மதுரை பார்த்தவளாச்சே, உனக்குத் தெரிந்த கடை ஏதாவது உண்டா" என்று கீழே ஒரு கேள்வியும் போட்டிருக்கிறீர்கள். உண்டு. ஆனால் நான் வரவில்லை. ஏன் வரவில்லை என்று ஒவ்வொருத்தியாக வந்து என் வாயைக் கிண்டுவீர்கள். அதனால் எழுதியே கொடுத்துவிடுகிறேன்.

இரண்டாம் உலகச் சண்டைக்கு நாலைந்து வருஷம் முந்தி நடந்தது. எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினாறு. கொட்டாரம் ஊருக்குப் பக்கத்தில், மூன்று பக்கமும் வயல் சூழ்ந்த வீடு எங்களுடையது. மருமக்கள் வழிக் குடும்பம் என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். இதை உங்கள் பேத்திகள் யாராவது வாசித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். அம்மாவின் அண்ணன்தான் வீட்டுக்குப் பெரியவர். அப்பா தன்னுடைய வீட்டிலிருந்து வருவார், சாப்பிடுவார், எங்கள் தலையைத் தடவுவார், போவார். மாமா சொன்னால் சொன்னதுதான். அம்மா கூட அவர் எதிரே நின்று மறுத்துப் பேசி நான் பார்த்ததில்லை.

இப்படிச் சொன்னதும் மீசையை முறுக்கிக்கொண்டு அதட்டுகிற ஆளை நினைத்துவிடாதீர்கள். மாமா தின்னத் தெரிந்த மனுஷர். வருஷா வருஷம் சித்திரைத் திருவிழாவில் மதுரையில் கூடுகிற மாட்டுச் சந்தைக்கு உழவுமாடு வாங்கப் போவார். திரும்பி வந்ததும் மாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லுவார். அதன் பிறகு ஒரு மாதம் மதுரைச் சாப்பாட்டுக் கடைகள்தான். மேலமாசி வீதியில் மூக்குக்கண்ணாடி ஐயர் கடை இட்லி, அதற்கு நாலு விதமான சட்னி, வெள்ளைச் சீனி போட்ட காப்பி, சாயங்காலம் தள்ளுவண்டியில் வருகிற பருத்திப்பால், முள்ளுமுருங்கை இலை அரைத்துத் தட்டிய அடை. எங்கள் வீட்டுச் சுவரையே தெருவாக்கி, விரலால் வழி காட்டுவார். அக்கா அம்மியில் கையை நிறுத்திவிட்டுக் கேட்பாள்.

"அந்த நாலு சட்னியில பச்சையா இருக்கது எது மாமா?"

"அது மல்லியிலை, மக்கா. நாக்குல வச்சா காது வரைக்கும் போகும் கேட்டியா."

அந்த வருஷம் அக்காவுக்கு ஆவணியில் கல்யாணம் என்று நிச்சயம் செய்திருந்தார்கள். கல்யாணமாகிப் போனால் பிறகு யார் அவளை மதுரைக்குக் கூட்டிப் போகப் போகிறார்கள்? "பிள்ளைக்கு நான் மதுரையைக் காட்டிக் குடுக்கேன்" என்று மாமாவே ஒருநாள் சொன்னார். அக்கா அன்றைக்கு முழுக்கத் தரையில் கால் பாவாமல் நடந்தாள். அவளோடு ஒட்டிக்கொண்டு நானும், துணைக்கு அம்மாவும். நாலு பேர்.

மாமாவுக்கு இன்னொரு பெருமை இருந்தது. அது அவருக்கு மட்டுமில்லை, நம் ஊர்க்காரர்கள் எல்லாருக்குமே இருந்தது. தண்ணீர்ப் பெருமை. குடிக்கிற தண்ணீரை நாம் வெள்ளம் என்றுதானே சொல்வோம். பேச்சிப்பாறை அணையிலிருந்து திறந்துவிட்டது எங்கள் கால்வாய்க்கு வந்து சேர்ந்த அன்று, மாமா ஒரு கை அள்ளி வாயில் விட்டுக் கொப்பளித்து, "மலை வெள்ளம் வந்தாச்சு" என்பார். எந்தக் கிணறு எந்த மாதத்தில் கசக்கும், எந்தக் குளத்தில் பாசி வாடை வரும் என்று நாக்கினாலேயே சொல்லுவார். சோறு எங்கே வேண்டுமானாலும் தின்னலாம், வெள்ளம் மட்டும் பார்த்துத்தான் குடிக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. கொள்கையில் தப்பே இல்லை, பாருங்கள். அதுதான் இன்றைக்கும் என் வயிற்றை எரிக்கிறது.

திருகுமூடி வைத்த பித்தளைக் கூஜா இரண்டு. வீட்டுக் கிணற்றிலிருந்து மாமாவே இறைத்து நிரப்பினார். நாகர்கோவில் வரை மாட்டுவண்டி, அங்கிருந்து திருநெல்வேலிக்குப் பஸ். ஆரல்வாய்மொழியில் திருவிதாங்கூர் எல்லைச் சாவடிக்காரன் ஏறி மூட்டையை எல்லாம் குத்திப் பார்த்தான். எங்கள் வாழையிலைப் பொதியையும் அமுக்கி, "இது என்னது?" என்றான். "புளிச்சோறு. பசிக்கா வே?" என்றார் மாமா. பஸ்ஸே சிரித்தது. அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் கழுத்துப் பவுடர் வியர்வையில் கரைந்து என் கன்னத்தில் ஒட்டியது.

ரயிலில் போய் இறங்கி மாசி வீதிகளுக்குப் பின்னால் ஒரு சத்திரத்தில் அறை எடுத்தோம். வெளிச்சம் வராத அறை, பின்னால் துணி துவைக்கிற முற்றம், அதில் ஒரு கிணறு. மாமா இறைத்து வாயில் விட்டுத் துப்பினார். உப்பு. அந்தக் கிணற்றுக்கு அதோடு மதிப்புப் போயிற்று.

முதல் நாள் காலையில் மூக்குக்கண்ணாடி ஐயர் கடை. மாமா சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. இலையில் இட்லி விழுந்ததும் ஆவி மூக்கில் ஏறியது. நாலு சட்னியும் இருந்தன. அக்கா பச்சையைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, உண்மையாகவே காதைத் தொட்டுப் பார்த்தாள். அம்மா ஆம்பிளைகள் இருக்கிற இடம் என்பதையும் மறந்து சிரித்தாள். அம்மா பல் எல்லாம் தெரியச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பிறகு பரிமாறுகிறவர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். மாமா எடுத்தார், விரலைச் சுட்டது, கீழே வைத்தார்.

"என்ன வே இது? வெந்நியைக் கொண்டாந்து வச்சிருக்கீரு?"

"ஊர்ல சீக்கு நடமாடுதுங்க. திருவிழாக் கூட்டம் வேற. சீரகம் போட்டுக் கொதிக்க வச்ச தண்ணிதான் குடுக்கறோம். நீங்களும் வெளிய பச்சைத்தண்ணி குடிக்காதீங்க."

மாமாவுக்கு அது அவமானமாகப் பட்டது. "நல்ல வெள்ளத்தை எவனாவது போட்டுக் கொதிக்க வைப்பானா? ஊத்தை வெள்ளமா இருக்கப் போய்த்தானே கொதிக்க வைக்கான்" என்று எங்களிடம் மெல்லச் சொன்னார். பிள்ளைகள் யாரும் தொட வேண்டாம் என்றார். அக்காவுக்குத் தாகம். டம்ளரைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள், கையை மடியில் வைத்துக்கொண்டாள். ஊர்க் கூஜா இரண்டும் ரயிலிலேயே தீர்ந்திருந்தன.

அங்கிருந்து நேரே வைகைக்குப் போனோம். ஆறு என்றார்களே தவிர மணல்தான். கண் போகிற தூரம் வண்டியும் மாடும் அடுப்புப் புகையும். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வந்த ஜனம் அங்கேயே சமைத்து, அங்கேயே படுத்து, எல்லாமே அங்கேதான். மணலில் பள்ளம் தோண்டி வைத்திருந்தார்கள். அடியில் தண்ணீர் ஊறி நின்றது, கண்ணாடியாகத் தெரிந்தது. மாமா குந்தியிருந்து உள்ளங்கையில் அள்ளி வாயில் விட்டார். கண்ணை மூடினார்.

"இதுல்லா வெள்ளம்! மணல் அரிச்சுக் குடுத்த வெள்ளம். இதை விட்டுட்டு வெந்நி குடிக்கச் சொல்லுகான்."

நாங்கள் நாலு பேரும் வயிறு முட்டக் குடித்தோம். ஜில்லென்று, தித்திப்பாகத்தான் இருந்தது. கூஜா இரண்டிலும் நிரப்பிக்கொண்டோம். அந்த ஊற்றுக்குக் கொஞ்சம் மேலே ஒரு பெண்பிள்ளை தன் குழந்தைக்குக் கால் கழுவிவிட்டுக்கொண்டிருந்தாள். நான் பார்த்தேன். மாமாவும் பார்த்திருப்பார். தண்ணீர் தெளிவாக இருந்தது, நாக்குக்குப் பிடித்தது. அதற்கு மேல் என்ன பார்க்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

அடுத்த இரண்டு நாளும் தின்றோம். வேறு வார்த்தை கிடையாது. பருத்திப்பாலில் மிதந்த தேங்காய்ப் பூவை அக்கா விரலால் எடுத்து எனக்கு ஊட்டினாள். முள்ளுமுருங்கை அடையைப் பிய்த்து, கல்யாணமானால் நானே இதைச் சுட்டு மாமாவுக்குப் போடுவேன் என்றாள். மல்லிகைச் சரம் இரண்டு முழம் வாங்கி, ஒன்றை எனக்கு வைத்தாள். கோயிலுக்கும் போனோம் என்று அம்மா பிறகு சொன்னாள். எனக்குக் கோயில் நினைவில்லை. ஒவ்வொரு தடவையும் தின்று முடித்ததும் சத்திரத்துக்கு வந்து கூஜாவைச் சாய்த்துக் குடித்தோம். அது காலியானதும் மாமா போய் ஊற்றிலிருந்து கொண்டுவந்தார். அதைச் சுமக்க வேறு யாரையும் அவர் விடவில்லை.

அழகர் இறங்குகிற நாள் விடியும்போது அக்கா வயிறு சரியில்லை என்றாள். முற்றத்துக்கு ஒருமுறை போனாள், இரண்டுமுறை போனாள், மூன்றாவது தடவை அம்மா தாங்கிக்கொண்டு வந்தாள். பிறகு வாந்தி. அரிசி கழுவின தண்ணீர் மாதிரி வெளுப்பாக, வாடையே இல்லாமல் போய்க்கொண்டே இருந்தது. கெண்டைக்கால் சுருட்டிக்கொண்டு வலிக்கிறது என்று கத்தினாள். வெயில் ஏறுவதற்குள் அவள் கண் உள்ளே போய்விட்டது. விரல் நுனியெல்லாம் ரொம்ப நேரம் குளத்தில் கிடந்தவளுக்குச் சுருங்குவது போலச் சுருங்கிவிட்டது. குரல் போய்க் காற்று மட்டும் வந்தது.

மாமாவுக்கு என்னவென்று தெரிந்துவிட்டது. கதவைச் சாத்தினார். திருவிழாவுக்கு என்று ஊர்க்கோடியில் கொட்டகை போட்டு, பேதி கண்டவர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். அங்கே போனவர்கள் திரும்புவதில்லை என்று பேச்சு. "வெளியே மூச்சு விடப்பிடாது. தூக்கிட்டுப் போயிருவான்" என்றார்.

அக்கா தண்ணீர் கேட்டாள். அம்மா கூஜாவை எடுத்தாள். மாமா அம்மாவின் கையைப் பிடித்தார்.

"குடுக்கப்பிடாது பிள்ளே. பேதிக்கு வெள்ளம் எமன். குடுக்கக் குடுக்க ஒழுகும். மேலே மடையை அடைச்சாத்தான் கீழே ஒழுக்கு நிக்கும்."

வயலில் நாற்பது வருஷம் தண்ணீர் கட்டிய குடும்பம் எங்களுடையது. மடையை அடைத்தால் ஒழுக்கு நிற்கும் என்பது எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அம்மா கூஜாவைக் கீழே வைத்தாள். அவர்களைக் கல்நெஞ்சுக்காரர்கள் என்று நினைக்காதீர்கள். அன்றைக்கு எல்லா ஊரிலும் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். மாமா அவளைக் காப்பாற்றத்தான் அதைச் செய்தார்.

மாமா தனக்குத் தெரிந்த ஒரு வைத்தியரைக் கூட்டிவரக் கிளம்பினார். அம்மா நனைந்த துணிகளை அள்ளிக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். போகும்போது மாமா என் தோளைப் பிடித்து உட்காரவைத்துச் சொன்னார்: "நீ கூஜாப் பக்கத்துல இருந்துக்கோ மக்கா. கேட்டா ஈரத்துணியை உதட்டுல வை. ஒரு சொட்டுக் குடுத்திராத. குடுத்தா அக்கா செத்துப் போவா."

நான் கூஜாவை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வெளியே தெருவில் ஜனம் ஆற்றுக்குப் போகிற சத்தம். மேளம், சிரிப்பு, ஊதல்.

"ஏட்டி" என்றாள் அக்கா. "கொஞ்சம் வெள்ளம் தா."

ஈரத்துணியை வைத்தேன். அதை உறிஞ்சினாள். நூல் பல்லில் சிக்கியது.

"தொண்டை ஒட்டிக்கிடக்கு மக்கா. ஒரு வாய்."

"மாமா ஏசுவாவ."

"மாமாட்ட சொல்லாண்டாம். ஒரே ஒரு வாய். நீ எனக்கத் தங்கச்சில்லா?"

கையை நீட்டினாள். தரையிலேயே இழுத்து இழுத்துக் கொண்டுவந்தாள். விரல் கூஜாவின் அடியில் பட்டது. நான் கூஜாவைத் தூக்கி, அவளுக்கு எட்டாத சுவர்ப்பக்கம் வைத்தேன். அவள் அழுதாள். கண்ணீர் வரவில்லை, முகம் மட்டும் அழுதது. நானும் அழுதேன், எனக்குத் தாராளமாக வந்தது.

சத்திரத்தைப் பெருக்குகிற பெண் கதவைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். ஒரு பார்வையில் புரிந்துகொண்டாள். யாரையும் கூப்பிட்டுக் கத்தவில்லை. போய், ஒரு மண்கலயத்தில் கஞ்சித்தண்ணீர் கொண்டுவந்தாள்.

"உப்புப் போட்டுக் கொதிக்கக் கொதிக்க வடிச்சது, பாப்பா. கொஞ்சம் கொஞ்சமா ஊத்து. எம் மகன் இதுலதான் பொழைச்சான்."

"நாங்க பிறத்தியார்ட்ட வாங்கிக் குடிக்க மாட்டோம்" என்றேன். ஒன்பது வயதில் எவ்வளவு தெளிவாகச் சொன்னேன்! அவள் கலயத்தை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனாள். அக்காவின் கண் அந்தக் கலயத்தின் மேலேயே இருந்தது.

மாமா வைத்தியரோடு வந்தார். கலயத்தைப் பார்த்ததும், "யாரு குடுத்தது? இவ குடிச்சாளா?" என்று கேட்டார். இல்லை என்றேன். எடுத்துச் சாக்கடையில் கொட்டினார். வைத்தியர் கறுப்பு மாத்திரையைத் தேனில் குழைத்து அவள் நாக்கில் தடவினார். நாக்கு அதை உள்ளே இழுக்கவில்லை. வெயில் தாழ்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஊருக்குக் கொண்டுபோக விடவில்லை. வெள்ளைத்தூள் தெளித்துக்கொண்டு வண்டிக்காரர்கள் வந்தார்கள். அவளுடைய பாய், சேலைகள், அன்று காலை வரை தலையில் இருந்த சரம், எல்லாவற்றையும் முற்றத்தில் போட்டுக் கொளுத்தினார்கள். கூஜாக்களை நாங்களே அங்கே விட்டுவிட்டோம். மாமா வண்டிக்குப் பின்னாலேயே செருப்பில்லாமல் நடந்து போனார். அம்மாவும் நானும் வாசலில் நின்றோம். ஆற்றிலிருந்து திரும்பிய ஜனம் எங்களைத் தாண்டிப் போயிற்று. எல்லார் கையிலும் ஏதோ தின்பண்டம்.

துக்கம் கேட்க ஊரே வந்தது. ஆவணியில் பந்தல் போட வேண்டிய முற்றத்தில் சித்திரையிலேயே பாய் விரித்தார்கள். மாமா ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொன்னார். எந்தப் பத்தியமும் தவறவில்லை, மனுஷப் பிரயத்தனத்தில் ஒன்றும் பாக்கி வைக்கவில்லை என்றார். அதைச் சொல்லச் சொல்லத்தான் அவரால் சோறு தின்ன முடிந்தது. கடைசியில் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொள்வார்.

"சின்னவ கெட்டிக்காரி. அவ எத்தனை கெஞ்சியும் ஒரு சொட்டுக் குடுக்கல்ல. பெரியவங்களே எளகிப் போயிருப்போம்."

வந்தவர்கள் என் கன்னத்தைத் தட்டினார்கள். ஒருத்தி கற்கண்டு கொடுத்தாள். எனக்கு அப்போது பெருமையாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பெருமையாகத்தான் இருந்தது. அக்காவுக்காக எல்லாரையும்விட நான்தான் அதிகம் செய்தேன் என்று நினைத்துக்கொண்டு பல வருஷம் வளர்ந்தேன். கல்யாணமானேன், பிள்ளை பெற்றேன்.

என் மகள் வயிற்றுப் பேத்திக்கு ஒருநாள் வயிற்றோட்டம். சுகாதார நர்ஸ் வந்தாள், சின்னப் பெண். நான் பழக்கத்தில், "வெள்ளம் குடுக்காம இருக்கேன் மக்கா, இப்போ நின்னுரும்" என்றேன். அவள் பதறிப்போனாள்.

"என்ன பாட்டி நீங்க! குடுத்துக்கிட்டே இருக்கணும். கொதிக்க வச்ச தண்ணியில உப்பும் சீனியும் போட்டு, கேட்டாலும் கேக்காட்டியும் குடுங்க."

நான் கேட்டேன்: "காலராவா இருந்தாலும்?"

"காலராவுக்குத்தான் முக்கியமா குடுக்கணும். வியாதியை விடத் தண்ணி வத்தித்தான் ஆளு சாகும்."

அவள் கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். குழந்தை குடித்தது. இன்னும் இன்னும் என்று வாயைத் திறந்தது. அன்றைக்கு அடுக்களையில் நான் போட்ட சத்தத்தில் என் மகள் பயந்துபோய் அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டாள். யாருக்கும் காரணம் சொல்லவில்லை.

மறுநாள் காலைப் பஸ்ஸில் மாமாவைப் பார்க்கப் போனேன். அவருக்கு எண்பது தாண்டியிருந்தது, படுக்கையில் இருந்தார். சொல்லியே தீரவேண்டும் என்றுதான் போனேன். வழியெல்லாம் வார்த்தையை அடுக்கிக்கொண்டே போனேன். எனக்குக் கொடுத்த அந்தக் கெட்டிக்காரிப் பட்டத்தை அவர் முகத்தில் வீசிவிட்டு வரவேண்டும் என்று இருந்தது.

என் காலடிச் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். கட்டிலில் உட்காரச் சொன்னார். பல் இல்லாத வாய், தோளில் எலும்பு. நான் வாயைத் திறக்கும் முன்னே அவரே கேட்டார்.

"அண்ணைக்கு மதுரையில நாம ஒரு கொறையும் வைக்கல்ல, இல்லியா மக்கா?"

நாற்பத்தைந்து வருஷமாகக் காண்கிறவர்களிடமெல்லாம் அடித்துச் சொன்ன மனுஷர், முதல் தடவையாக அதைக் கேள்வியாகக் கேட்டார். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல மாமா" என்றேன். "ஒரு கொறையும் வைக்கல்ல."

அவர் தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த மாதம் போய்ச் சேர்ந்தார். அம்மா அதற்கு முன்பே போயிருந்தாள். இரண்டு பேரும் தெரியாமலே போனார்கள். தெரிந்தவள் நான் ஒருத்திதான் மிஞ்சியிருக்கிறேன்.